காகிதத்தில் எழுந்த கோபுரங்கள்

பெருங்கோயிலின் கதை – 14

1506-ல் போப் இரண்டாம் ஜூலியஸ் ரோமில் புனித பேதுரு பெருங்கோயிலுக்கு நாட்டிய அடிக்கல்லோடு தொடங்கிய நம் கதை, சென்ற வாரம் 1590-க்கு வந்து நின்றது. பிரமாந்தே போட்ட திட்டத்தை அடுத்தடுத்து வந்தவர்கள் மாற்றிக்கொண்டே போனார்கள். எழுபது வயதைத் தாண்டிய மைக்கேலாஞ்சலோ பொறுப்பேற்று, நான்கு கைகளும் சம நீளமுள்ள சிலுவை வடிவத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். அவர் மறைந்து 26 ஆண்டுகள் கழித்து ஜாக்கோமோ தெல்லா போர்த்தாவும் டொமெனிக்கோ ஃபொந்தானாவும் குவிமாடத்தைக் கட்டி முடித்தார்கள்.

ஆனால் கோயில் முடியவில்லை.

மேற்கே புதுக் குவிமாடம். கிழக்கே, நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி காலத்தில் எழுந்த பழைய கோயிலின் நீள்மண்டபம். இரண்டுக்கும் நடுவில் 1538-ல் எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர். புனித பேதுருவின் கல்லறையைத் தேடி ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்த யாத்திரிகர்கள், ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைமையான வாசல் வழியாகத்தான் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

பழைய மண்டபம் நிற்குமா, போகுமா? சென்ற வாரம் அந்தக் கேள்வியோடு நிறுத்தினோம்.

* * *

1605 செப்டம்பர்.

பழைய மண்டபத்தில் மாதா பீடம் ஒன்றில் பூசை நடந்துகொண்டிருந்தது. மேலே இருந்து பெரிய பளிங்குப் பாளம் ஒன்று பெயர்ந்து, பீடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

அந்தச் சுவர்கள் சாய்ந்திருப்பது புதுச் செய்தி அல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆல்பெர்ட்டி என்ற கட்டடக்கலை அறிஞர் அதை எழுதி எச்சரித்திருந்தார். ஆனால் எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை வேறு, பூசை நேரத்தில் விழும் கல் வேறு.

அந்த ஆண்டு மே மாதம்தான் கமில்லோ போர்கேசே, ஐந்தாம் பவுல் என்ற பெயரோடு போப் ஆகியிருந்தார். ரோமில் பிறந்தவர். சட்டம் படித்தவர். எதையும் தள்ளிப்போடும் சுபாவம் அவருக்கு இல்லை. கல் விழுந்த அந்தச் செப்டம்பரிலேயே முடிவாகிவிட்டது: பழைய மண்டபத்தை இடிப்பது.

கர்தினால் சேசரே பரோனியோ எதிர்த்தார். திருச்சபையின் வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதிக்கொண்டிருந்தவர் அவர். போப்புகளின் கல்லறைகள், பழைய பீடங்கள், சுவர்ச் சித்திரங்கள் எல்லாம் அந்த மண்டபத்துக்குள் இருந்தன. ஒரு வரலாற்றாசிரியரின் கண்ணுக்கு அது இடிந்த கட்டடமாகவா தெரியும்? அவர் குரல் எடுபடவில்லை.

கோயிலைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அதன் நினைவையாவது காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை மட்டும் இருந்தது. ஜாக்கோமோ கிரிமால்டி என்ற நோட்டரி ஒவ்வொரு கல்லறையும் திறக்கப்படும்போது அருகில் நின்று எழுதிக்கொண்டார். கல்வெட்டுகளைப் படியெடுத்தார். டொமெனிக்கோ தஸ்ஸெல்லி என்ற ஓவியர் மண்டபத்தின் உட்புறத்தை வரைந்து வைத்தார். இன்று பழைய கோயிலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தக் காகிதங்களிலிருந்து வந்ததுதான். முற்றத்தில் இருந்த ஜோத்தோவின் புகழ்பெற்ற படகுச் சித்திரம், வண்ணக் கல் பதித்துச் செய்தது, இடம்பெயர்த்தபோது பெரும்பாலும் அழிந்தே போனது. எனக்கு இன்றும் ஆறாத இழப்பு அது.

1606 தொடக்கத்தில் இடிப்பு வேலை ஆரம்பமானது. (அதே ஆண்டு நவம்பரில்தான் ரோமில் பிறந்த ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். பிற்பாடு அவர் மீதான புகார்கள் போய்ச் சேர்ந்ததும் இதே ஐந்தாம் பவுலின் காலத்து ரோமுக்குத்தான்.)

* * *

இடித்த இடத்தில் என்ன கட்டுவது?

மைக்கேலாஞ்சலோ போட்ட திட்டத்தை அப்படியே முடித்துவிடலாம் என்று ஒரு கட்சி. அதில் உரத்த குரல் கர்தினால் மஃப்பேயோ பார்பெரினியுடையது. அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் அவர் திரும்பி வருவார், வேறொரு பெயரில்.

இன்னொரு கட்சியின் வாதம் வேறு. மைக்கேலாஞ்சலோவின் திட்டப்படி கட்டினால், பழைய கோயில் நின்ற புனித நிலத்தின் ஒரு பகுதி வெளியே தெருவாகிவிடும். பன்னிரண்டு நூற்றாண்டுகளாகத் திருப்பலி நடந்த மண்ணை ஜனங்கள் மிதித்துப் போகலாமா? தவிர, பவனி வர நீளமான மண்டபம் வேண்டும். திருவிழா நாளில் கூட்டம் நிற்க இடம் வேண்டும். போப் மக்களுக்கு ஆசி வழங்க மேலே ஒரு மாடம் வேண்டும்.

போப் இந்தக் கட்சியின் பக்கம் சாய்ந்தார். கட்டடக் கலைஞர்கள் பலர் வரைபடங்களைக் கொடுத்தார்கள். தேர்வானவர் கார்லோ மதேர்னோ.

லுகானோ ஏரிக்கரையில் கப்போலாகோ என்ற ஊர். 1556-ல் பிறந்தவர். சுதை வேலையும் பளிங்கு வேலையும் பழகி மேலே வந்த கைத்தொழிலாளி. 1586-ல் 900 ஆட்களையும் 75 குதிரைகளையும் வைத்து எகிப்தியக் கல்தூணைத் தூக்கி நிறுத்திய கதையைப் பத்தாம் பகுதியில் பார்த்தோமே, அந்த டொமெனிக்கோ ஃபொந்தானா இவருக்குத் தாய்மாமன். ரோமின் சாந்தா சூசன்னா தேவாலயத்துக்கு 1603-ல் இவர் கட்டி முடித்த முகப்பு ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. பரோக் என்று பின்னால் பெயர்பெற்ற பாணியின் முதல் முகப்புகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்.

1607 மார்ச்சில் அடித்தளம் தோண்டத் தொடங்கினார்கள். மைக்கேலாஞ்சலோவின் சிலுவைக்குக் கிழக்கே நீள்மண்டபம் வளர்ந்தது. மாமன் நிறுத்திய கல்தூணை நோக்கி வர வேண்டும் என்பதால், மருமகன் கட்டிய மண்டபத்தின் நடுக்கோடு பழைய கட்டடத்தின் நடுக்கோட்டிலிருந்து இம்மியளவு விலகிப் போகிறது. உள்ளே நிற்பவருக்கு அது தெரியாது. வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் தெரியும்.

மண்டபம் முடியும் முன்பே முகப்பும் எழுந்துவிட்டது. திவோலியிலிருந்து வண்டி வண்டியாக வந்த டிராவர்ட்டைன் கல். இருபத்தேழு மீட்டர் உயரத் தூண்கள். 1612-ல் முகப்பின் குறுக்கே எழுத்து வெட்டினார்கள். அப்போஸ்தலர்களின் தலைவருக்கு மரியாதையாக என்று தொடங்கும் அந்த வரியில், சரியாக நடுவாசலுக்கு மேலே வந்து அமர்ந்திருப்பது பேதுருவின் பெயர் அல்ல. போர்கேசே என்ற குடும்பப் பெயர். இன்றும் அங்கே போய் நிற்கும் யாரும் அண்ணாந்து படிக்கலாம்.

இந்த இடத்தில் போப்புக்கு ஓர் ஆசை வந்தது.

* * *

முகப்பின் இரு பக்கமும் இரண்டு மணிக்கோபுரங்கள் வேண்டும்.

முதலில் போட்ட திட்டத்தில் அவை இல்லை. ஏழு பாகங்களாகப் பிரித்துக் கட்டிய முகப்பு அது. நடுவை நோக்கிப் போகப்போகத் தூண்கள் முன்னால் புடைத்து வரும், இடைவெளி நெருங்கும், பார்வை தானாக வாசலில் போய்க் குவியும். மதேர்னோ யோசித்து யோசித்துச் செய்த ஏற்பாடு. 1612 செப்டம்பரில் கோபுரங்கள் கட்டுவது என்று போப் முடிவெடுத்ததும், இரு ஓரங்களிலும் பக்கத்துக்கொரு பாகம் கூடியது. முகப்பின் அகலம் ஏறக்குறைய 115 மீட்டர் ஆனது. உயரமோ 45 மீட்டருக்குச் சற்று மேல்.

கோபுரங்கள் எழுந்தால் இந்தக் கணக்கு சரியாகிவிடும். ஓரங்களில் இரண்டு செங்குத்தான வடிவங்கள் மேலே போகும்போது அகலம் உறுத்தாது. நடுவில் குவிமாடம், இருபுறமும் காவலாகக் கோபுரங்கள்.

1613-ல் இதை ரோம் முழுவதும் பார்த்தது. கல்லில் அல்ல, காகிதத்தில்.

* * *

மத்தேயுஸ் க்ரொய்ட்டர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்காரர். லியோனிலும் அவிஞோனிலும் வேலை பார்த்துவிட்டு ரோமுக்கு வந்து தங்கிவிட்ட செப்புத்தகட்டுச் செதுக்குக் கலைஞர். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மதேர்னோவின் வரைபடத்தை அச்சுக்குக் கொண்டுவரும் வேலை அவரிடம் வந்தது.

அந்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் மெருகேற்றிய செப்புத் தகடு. அதன் மேல் கூர்முனைச் சிற்றுளி. உளியின் கைப்பிடியை உள்ளங்கையில் பதித்து, உடம்பின் பலத்தால் முன்னோக்கித் தள்ளுவார்கள். வளைவு வேண்டுமென்றால் உளியைத் திருப்புவதில்லை, அடியில் மணல் தலையணையில் கிடக்கும் தகட்டைத் திருப்புவார்கள். ஆழமாக அழுத்தினால் தடித்த கோடு, லேசாகத் தள்ளினால் மயிரிழைக் கோடு. தூணின் உருண்டையும், மாடக்குழியின் இருளும், குவிமாடத்தின் விலா எலும்புகளில் விழும் வெளிச்சமும் இந்தக் கோடுகளின் நெருக்கத்திலிருந்து மட்டுமே வர வேண்டும். வேறு நிறம் கிடையாது.

அத்தனையும் இடவலமாக. முகப்பில் வெட்டிய எழுத்துகளையும் வலமிருந்து இடமாகத் திருப்பிச் செதுக்கினால்தான் காகிதத்தில் நேராக வரும்.

பிறகு தகட்டுக்கு மை தடவி, துணியாலும் உள்ளங்கையாலும் மேற்பரப்பைத் துடைத்தெடுப்பார்கள். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய காகிதத்தை வைத்து, மேலே கம்பளி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி ஓட்டுவார்கள். காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். தவறு நேர்ந்தால் திருத்தவும் வழி உண்டு. கோட்டைச் சுரண்டி, தகட்டைப் பின்னாலிருந்து தட்டிச் சமன் செய்து, மெருகேற்றி மறுபடி செதுக்கலாம்.

இதே 1613-ல் இன்னொரு வேலையும் க்ரொய்ட்டர் கைகளில் முடிந்தது. கலிலியோ தொலைநோக்கி வழியே நாள்தோறும் பார்த்து வரைந்த சூரியப் புள்ளிகள் ரோமில் புத்தகமாக வந்தபோது, அந்தப் படங்களைச் செதுக்கியவர் இவர்தான். ஒரு தகட்டில் கலிலியோ கண்ணால் கண்டது. மற்றொன்றில் எவரும் இன்னும் கண்டிராதது.

ஏனென்றால் அச்சான படத்தில் கோயில் முடிந்திருக்கிறது. சாரம் இல்லை, ஏணி இல்லை, கல் இழுக்கும் கப்பி இல்லை. முகப்பு தெளிவாக நிற்கிறது. இரு ஓரங்களிலும் உயரம் குறைந்த, ஒற்றை அடுக்கு மணிக்கோபுரங்கள். நடுவில் மைக்கேலாஞ்சலோவின் குவிமாடம், அடிவளையம் முதல் சிலுவை வரை முழுசாக.

அந்தச் சமயத்தில் உண்மையில் அங்கே இருந்தது என்ன? மண்டபத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. குவிமாடத்துக்கும் புதிய மண்டபத்துக்கும் நடுவே பழைய தடுப்புச் சுவர் இன்னும் இருந்தது. அது போனது 1615 குருத்து ஞாயிறன்று. கோபுரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அடித்தளக் குழிகள்.

* * *

இப்படி ஒரு படத்தை ஏன் அச்சிட வேண்டும்?

என் கணிப்பு இது. 1569-ல் எத்தியேன் துபெராக் என்ற பிரெஞ்சுக்காரர் மைக்கேலாஞ்சலோவின் திட்டத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கி வெளியிட்டிருந்தார். நாற்பது ஆண்டுகளாகக் கலைஞர்களும் பிரபுக்களும் பார்த்துப் பழகிய கோயில் அந்தக் காகிதக் கோயில்தான். மதேர்னோ எதைக் கட்டினாலும் அதோடு ஒப்பிட்டு, ‘மகானின் திட்டத்தைக் கெடுத்துவிட்டார்’ என்று சொல்ல ஆள் இருந்தது. காகிதத்துக்குக் காகிதத்தால்தான் பதில் சொல்ல முடியும். போப்புக்குக் காணிக்கையாக வெளிவந்த 1613-ஆம் ஆண்டுப் படம் மதேர்னோவின் பதில்.

அந்தப் படத்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது, சொல்லியாக வேண்டும். கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் உயரத்துக்கு நேராக நின்று பார்ப்பதுபோல் வரைவது கட்டடக் கலைஞர்களின் வழக்கம். அப்படிப் பார்க்கும் கண் உலகத்தில் யாருக்கும் கிடையாது. முன்சதுக்கத்தில் நிற்கும் மனிதன் கீழிருந்து பார்க்கிறான். மண்டபம் நீண்டதால் குவிமாடம் பின்னால் போய்விட்டது. முகப்பை நெருங்க நெருங்க அது கல்லுக்குப் பின்னால் இறங்கி மறைகிறது. க்ரொய்ட்டரின் படத்தில் முழுசாக நிற்கும் குவிமாடம், சதுக்கத்தில் நிற்பவருக்குக் கிடைக்கவே இல்லை. முகப்பைக் கூடிய மட்டும் தாழ்வாக வைக்க மதேர்னோ முயன்றார். ஆனால் மண்டபம் நீளும் என்று முடிவானபோதே அந்த ஆட்டம் முடிந்துவிட்டது. முடிவெடுத்தவர் போப்.

அகலத்தைப் பற்றிய பழி வேறு கதை. நான்கு நூற்றாண்டுகளாகப் பயண நூல்களும் கலை விமர்சகர்களும் அந்த முகப்பைப் படுத்துக் கிடக்கும் சுவர் என்று குறை சொல்லி வருகிறார்கள். க்ரொய்ட்டரின் படத்தை ஒரு முறை பார்த்தால் போதும். நாம் இன்று பார்ப்பது மதேர்னோ வரைந்த முகப்பு இல்லை. ஏழு பாக முகப்பும், அதன் இருபுறமும் தலையில்லாத இரண்டு கோபுர அடிகளும் சேர்ந்து நிற்பது. இதற்காக அவரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

அந்தத் தலைகள் எங்கே போயின?

* * *

பதில் மண்ணுக்குள் இருக்கிறது.

வாத்திக்கான் குன்றின் சரிவில் எப்போதும் நீரோட்டம் உண்டு. நான்காம் நூற்றாண்டிலேயே போப் தமாசுஸ் அங்கே ஊறிய நீர் கல்லறைகளை நனைக்கிறது என்று ஊற்றுகளை வழிமாற்றி வடித்தார். அதைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, முகப்பின் தெற்கு ஓரத்தில் கோபுரத்துக்காகத் தோண்டியவர்கள் அதே தண்ணீரை மறுபடி சந்தித்தார்கள்.

வடக்கு ஓரத்தில் பெரிய தொல்லை இல்லை. தெற்கே மண் இளகிக் கிடந்தது. இறைக்க இறைக்க நீர் ஊறியது. செப்புத் தகட்டில் பிழை வந்தால் பின்னாலிருந்து தட்டிச் சரிசெய்யலாம் என்று பார்த்தோம். மேலே 45 மீட்டர் கல் ஏறிய பிறகு அடித்தளத்தை எந்தப் பக்கத்திலிருந்து தட்டுவது?

மதேர்னோவுக்கு இது தெரியும். கல்லோடு வளர்ந்த மனிதர். அவர் வரைந்த கோபுரங்கள் ஒற்றை அடுக்கோடு நின்றுவிட்டன என்பதைக் கவனியுங்கள். அதிகப் பாரம் ஏற்ற அவர் நினைக்கவில்லை.

வேலை மெதுவாக நகர்ந்தது. கோபுர அடிகள் முகப்பின் உயரத்தைத் தொட்டன. 1621 ஜனவரியில் ஐந்தாம் பவுல் இறந்தார். கோபுர வேலை அத்தோடு நின்றது.

* * *

1623-ல் புதிய போப். எட்டாம் அர்பன் என்று பெயர் சூட்டிக்கொண்டார். அவர் வேறு யாருமல்ல, மைக்கேலாஞ்சலோவின் திட்டத்தைத் தொடாதீர்கள் என்று வாதாடிய அதே மஃப்பேயோ பார்பெரினி. தாம் எதிர்த்த நீள்மண்டபத்தோடு சேர்த்துக் கோயிலை 1626 நவம்பர் 18-ல் அர்ச்சித்துத் திறந்துவைத்தவரும் அவரே.

மதேர்னோ 1629 ஜனவரியில் கண்ணை மூடினார். அவருடைய இடத்துக்கு வந்தவர் முப்பது வயதான ஜான் லொரென்சோ பெர்னினி. பளிங்கை மெழுகாக இளக்கத் தெரிந்த சிற்பி. போப்பின் செல்லப்பிள்ளை. ஆனால் இதுபோன்ற அடித்தளத்தின் மேல் பெரும் பாரம் ஏற்றிய அனுபவம் அவருக்கு இல்லை.

அதே கட்டட வேலையில் இன்னோர் இளைஞனும் இருந்தான். மதேர்னோவுக்கு உறவுக்காரன். கல்தச்சனாகச் சேர்ந்து, கிழவரின் கடைசிக் காலத்தில் அவருக்காக வரைபடங்கள் போட்டுக் கொடுத்தவன். எந்தக் கல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அறிந்தவன். பெயர் பிரான்செஸ்கோ பொரோமினி.

1637-ல் எட்டாம் அர்பன், கோபுரங்களைக் கட்டி முடிக்கச் சொல்லிப் பெர்னினியிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பெர்னினி மதேர்னோவின் ஒற்றை அடுக்கை ஒதுக்கி வைத்தார். அவர் வரைந்தது மூன்று அடுக்கு, தூண் வரிசைகளோடு, க்ரொய்ட்டரின் தகட்டில் இருந்ததைவிடப் பல மடங்கு கனம். முதலில் எந்தப் பக்கம் தொடங்குவது என்ற பேச்சு வந்தபோது தேர்வானது தெற்கு.

1638-ல் தண்ணீர் ஊறும் அந்த மண்ணின் மேல் கல் ஏறத் தொடங்கியது. அது தாங்குமா, தாங்காது என்று தெரிந்த ஒருவன் வாயைத் திறப்பானா? அடுத்த வாரம் பார்ப்போம்.